ஆர்ச் இருக்கு, அடுத்த நகருக்கு வழி இல்லை

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என எந்த ஊரிலும் கோயிலைச் சுற்றிய பழைய பகுதியில் ஒரு தெருவை அடைத்தால் அடுத்த சந்தில் புகுந்து போய்விடலாம். தேர் ஓடிய வீதி, சுற்றி வந்துதானே ஆக வேண்டும்? புறவழிச் சாலைப் பக்கம் முளைக்கும் நகர்களில் அந்த வசதி இல்லை.

டெல்டா நஞ்சை மா கணக்கில் கைமாறும். மூணு மா சுமார் ஓர் ஏக்கர். பதினைந்து மா வாங்கியவர் மெயின்ரோட்டிலிருந்து 300 மீட்டருக்கு ஒரே சாலை இழுத்து, பக்கவாட்டில் முட்டுத் தெருக்கள் போட்டு, முகப்பில் ஆர்ச் கட்டிவிடுவார். பக்கத்து வயல்காரர் விற்கும்போது இன்னொரு ஆர்ச். இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். கடைசி வீட்டிலிருந்து எதிர்க்கரை வீடு பத்து மீட்டர்தான். ஆனால் போக 300 வெளியே, மெயின்ரோட்டில் 100, மறுபடி 300 உள்ளே. ஆக 700 மீட்டர். அந்த நூறு மீட்டருக்காகத்தான் பால் வாங்கும் டூவீலரும் ஸ்கூல் வேனும் பஸ் ஓடும் ரோட்டுக்கு வருகின்றன. ரோட்டை அகலப்படுத்தினாலும் நெரிசல் குறையாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அளந்து பார்க்க எளிய வழி உண்டு. லேஅவுட் வரைபடத்தில் சந்திப்புகளையும் முட்டு முனைகளையும் சேர்த்து எண்ணுங்கள். அவற்றுக்கு இடையிலான சாலைத் துண்டுகளை அந்த எண்ணால் வகுங்கள். 1.4 வந்தால் நல்ல இணைப்பு. ஒரே வாசல், நாலு முட்டுத் தெரு என்றால் 9 துண்டு; வாசல் 1, உள் சந்திப்பு 4, முட்டு முனை 5 என மொத்தம் 10. வகுத்தால் 0.9. இன்னும் எத்தனை முட்டுத் தெரு சேர்த்தாலும் 1-ஐத் தொடாது.

வீடு பழசானால் இடித்துக் கட்டலாம், தெருவின் அமைப்பு மாறாது. அதனால் அனுமதி கொடுக்கும்போதே பிடிக்க வேண்டும். சாலை நிலம் தானப் பத்திரத்தில் உள்ளாட்சிக்கு வந்துவிடுகிறது. சிக்கல் சாலை முடியும் இடத்தில். அங்கே ஒரு மனை போட்டு விற்றுவிட்டால் அடுத்த நகருக்கான வழி நிரந்தரமாக அடைபட்டது. டெல்டாவைக் காக்க 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இதற்கு உதவாது. அது தடுப்பது எண்ணெய் எடுப்பு, உருக்காலை போன்றவற்றை, மனைப்பிரிவை அல்ல.

வாய்க்காலைக் கடந்து இணைக்கும் இடத்தில் சிமென்ட் குழாய் போட்டு மண் தள்ளும் வேலை வேண்டவே வேண்டாம். ஐப்பசி மழையில் வைக்கோலும் ஆகாயத்தாமரையும் வாயில் அடைத்து, தண்ணீர் மேல்பக்க வயலில் ஏறும். வாய்க்காலின் முழு அகலத்துக்குப் பெட்டிப் பாலம், அதுவும் நீர்வளத்துறை அனுமதியோடு.

மனை பார்க்கப் போகிறவர்கள் ஆர்ச்சில் நிற்காமல் கடைசிக் கல் வரை நடந்து போங்கள். சாலை எல்லைக் கோட்டைத் தொடுகிறதா, அதற்கு முன் மனை எண் எழுதியிருக்கிறதா என்று வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.