களஞ்சியத்துக்கு ஓர் அளவு

"இன்சூரன்ஸ் எடுக்கிறவனுக்கு விசுவாசம் இல்லை" என்று ஒரு மேடையில் பிரசங்கம். "ஆயிரம் ரூபாய் விதைத்தால் லட்சமாய் அறுப்பாய்" என்று இன்னொரு மேடையில். இரண்டுமே கர்த்தரை நம்பச் சொல்வதுபோலத்தான் கேட்கும். முதலாவது பொறுப்பின்மைக்கு விசுவாசம் என்று பெயர் வைக்கிறது, இரண்டாவது பேராசைக்கு. இரண்டாம் வகைப் பிரசங்கத்தில் மாற்கு 10:30 தவறாமல் வரும், "நூறத்தனையாக" என்ற சொல்லுக்காக. அதே வசனத்தில் "துன்பங்களோடேகூட" என்று இருப்பதை மட்டும் யாரும் வாசிப்பதில்லை.

பணத்தை நம்பாமல் தேவனை நம்புவது என்றால் நடைமுறையில் என்ன செய்வது? யாத்திராகமம் 16-ஐ நிதானமாக வாசித்தால் பாதி பதில் அங்கேயே இருக்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தினமும் தந்த உணவு மன்னா. தலைக்கு ஓர் ஓமர், ஏறத்தாழ இரண்டு லிட்டர். மறுநாளைக்கென்று எடுத்து வைத்தவர்களுடையது புழுத்து நாறியது. மறுநாள் ஓய்வுநாள் என்பதால் ஆறாம் நாள் மட்டும் தலைக்கு இரண்டு ஓமர் சேர்க்கச் சொன்னார். அது விடியும்வரை வைத்தும் நாறவில்லை. மன்னா ஒன்றுதான், பாத்திரமும் ஒன்றுதான். எடுத்து வைத்ததே பாவமாக இருந்தால் ஓய்வுநாளிலும் புழு வந்திருக்க வேண்டும். வைக்கச் சொன்ன அளவுக்கு வைத்தது நின்றது, "நாளைக்கு வராமல் போனால்?" என்று பயந்து வைத்தது கெட்டது.

லூக்கா 12-இல் வரும் ஐசுவரியவானைக் கவனியுங்கள். அவன் திருடவில்லை, ஏமாற்றவில்லை. நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். அவனிடம் ஏற்கனவே களஞ்சியங்கள் இருந்தன. அவை நிரம்பியதும் "போதும், மிச்சம் யாருக்கு?" என்று கேட்காமல், இருந்ததை இடித்துப் பெரிதாகக் கட்டப் போனான். பேசுவதும் தன் ஆத்துமாவோடு மட்டும்தான்: "இளைப்பாறி, புசித்துக் குடித்து, பூரிப்பாயிரு." எகிப்தில் யோசேப்பும் சேர்த்தான். ஏழு வருஷ விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு. கணக்குப் பார்த்தால் இவனைவிடப் பல மடங்கு. ஆனால் அவன் களஞ்சியம் பஞ்சத்தில் ஒரு தேசத்துக்கே திறந்தது.

ஆகவே நம்பிக்கை எங்கே இருக்கிறது என்பது, எவ்வளவு சேர்த்தோம் என்பதில் அல்ல, "இவ்வளவு போதும்" என்று அளவு வைத்தோமா என்பதில் தெரிந்துவிடும். "என் படியை எனக்கு அளந்து" என்று நீதிமொழிகள் 30-இல் ஆகூர் கேட்பதும் அளவைத்தான்.

இதை நடத்திக் காட்டியவர் என்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் போதகராக இருந்த ஜார்ஜ் முல்லரைச் சொல்லாத சபை இல்லை. "பணமே கேட்காமல் ஆயிரக்கணக்கான அனாதைப் பிள்ளைகளை வளர்த்தார்" என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுவார்கள். கற்றுக்கொள்ள வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கும் நிர்வாகம். 1830-இல் போதகர் சம்பளத்தை விட்டார். ஆலயத்தில் ஒரு பெட்டி வைத்தார், மனதுள்ளவர்கள் போடலாம். 1836-இல் பிரிஸ்டல் நகரில் வாடகை வீட்டில் அனாதை இல்லத்தைத் தொடங்கினார். 1849 முதல் அதே நகரின் ஆஷ்லி டவுனில் சொந்தக் கட்டடங்கள், 1870-க்குள் ஐந்து, மொத்தம் 2,050 பிள்ளைகளுக்கு இடம். கடன் வாங்கிக் கட்டவில்லை, பணம் கையில் சேரும்வரை காத்திருந்தார். கடையில் பற்று வைப்பதும் கடன்தான் என்று பட்டதும், கையில் காசிருந்தால் மட்டுமே வாங்குவது என்று மாறினார். வந்த காணிக்கைக்கெல்லாம் கணக்கு எழுதி ஆண்டறிக்கையாக அச்சிட்டார். 1841 டிசம்பரில் கை வறண்டிருந்தபோது அந்த அறிக்கையைக்கூடத் தள்ளிப்போட்டார், அதுவே மறைமுகமாகப் பணம் கேட்பதாகிவிடும் என்று. வாட்ஸ்அப்பில் "ஜெபத்துக்காக மட்டும் பகிர்கிறோம்" என்று போட்டு அடியில் ஜிபே எண் போடுகிற காலத்தில் இதைப் படித்தால் கொஞ்சம் உறுத்தும். வாழ்நாளில் அவர் கைவழியே ஏறத்தாழ 15 லட்சம் பவுண்ட் போனது. 1898-இல் இறந்தபோது அவருடைய சொந்த உடைமை மொத்தமும் சுமார் 160 பவுண்ட். நம் நெல்லைச் சீமையில் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேலும் பணம் கேட்பதில்லை என்ற இதே வழியில்தான் நடந்தார்.

எல்லாரும் முல்லராக முடியாது. அது ஒரு தனி அழைப்பு. மாதச் சம்பளக் குடும்பம் என்ன செய்யலாம்?

முதலில் கடன். விசுவாசம் என்று சொல்லி அதிகம் சறுக்குவது இங்கேதான். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று மூன்று வட்டிக்கு 50,000 வாங்கினால் மாதம் 1,500. ஒரு வருஷத்தில் 18,000 போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். அந்தக் கடனில் காணிக்கை கொடுத்தால் அது கடன் கொடுத்தவனுடைய காணிக்கை. நீதிமொழிகள் 22:7 கடன் வாங்கினவனை அடிமை என்றே சொல்கிறது.

அடுத்தது வீட்டார். இன்சூரன்ஸ் வேண்டாம் என்கிறவர்கள் 1 தீமோத்தேயு 5:8-ஐத் தாண்டித்தான் போக வேண்டும். வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறார் பவுல். பிள்ளைகள் படிக்கிற காலத்துக்கு வருட வருமானத்தைப்போல் பத்து மடங்குக்கு ஒரு டெர்ம் பாலிசி (அந்தக் காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது) போதும். பணம் திரும்ப வரும் பாலிசிகளில் பிரீமியம் பல மடங்கு ஏறும், காப்போ குறைவாக இருக்கும். ஆறு மாதச் செலவு வங்கியில் இருக்கட்டும். நாமினி பெயரும் கணக்குப் புத்தகம் இருக்கும் இடமும் மனைவிக்குத் தெரிந்திருக்கட்டும்.

இவை ஆறாம் நாள் மன்னா. இதற்கு மேல்தான் சிக்கலே தொடங்குகிறது. ஆறு மாதம் பன்னிரண்டாகும், ஒரு மனை இரண்டாகும், "பிள்ளைகளுக்காக" என்ற சொல் எதற்கும் பொருந்தும். பயம் தீர்வதே இல்லை, ஏனென்றால் பணத்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது. வங்கி மூழ்கினால் டெபாசிட்டுக்குக் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியோடு சேர்த்து ஐந்து லட்சம்வரைதான். விலைவாசி வருஷத்துக்கு ஆறு சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருஷத்தில் இன்றைய லட்சத்தின் வாங்கும் சக்தி பாதி. "நிலையற்ற ஐசுவரியம்" என்று பவுல் சொன்னது கணக்குப்படியும் சரி.

அதனால் களஞ்சியத்தின் அளவை முன்கூட்டியே குறித்து வையுங்கள். கையில் பணம் வந்தபிறகு குறித்தால் கை பெரிதாகிவிடும். காணிக்கையைச் சம்பளம் வந்த அன்றே எடுத்து வையுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதில் கொடுக்கலாம் என்றால் மிஞ்சாது. பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை நிகரச் சம்பளத்தில் கொடுப்பதா, மொத்தத்திலா என்று மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் மீதி ஒன்பது பங்கைப் பற்றி வாயே திறப்பதில்லை. லூக்கா 12 அந்த ஒன்பதைப் பற்றியது.

கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதலாம்: இந்த வீட்டுக்கு இவ்வளவு போதும். கீழே, அதற்கு மேல் வருவது யாருக்கு என்று ஒரு பெயர். சபையில் கட்டணம் கட்ட முடியாத ஒரு பிள்ளையாக இருக்கலாம், மருந்துக்குத் தவிக்கிற ஒரு விதவையாக இருக்கலாம். அடுத்த இன்கிரிமென்ட் வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.