ஹான்லேயிலிருந்து தெரியாத வானம்

போன மாசியில் ஜவ்வாது மலையில் இருந்தோம். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். தென்மேற்கிலிருந்து கிளம்பிய ஒரு வெள்ளைப் புள்ளி உச்சியைத் தாண்டி, கிழக்கே இறங்கும்போது மங்கி அப்படியே அணைந்துபோனது. "மேகத்துல போயிடுச்சா மாமா?" என்றான் அக்கா மகன். மேகமே இல்லை. அந்தச் செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போய்விட்டது.

விண்வெளிக் குப்பையும், அதாவது செத்துப்போன செயற்கைக்கோள்களும் உடைந்த துண்டுகளும், இப்படித்தான் கண்ணில் படும். நாம் இருட்டில் இருக்க வேண்டும், அதன்மேல் வெயில் பட வேண்டும். தாழ்வாகச் சுற்றுபவற்றைப் பிடிக்க அந்தியிலும் விடியலிலும் கொஞ்ச நேரம்தான் வாய்க்கும். 36,000 கி.மீ. உயரத்தில் இருப்பவை அநேகமாக ராத்திரி முழுக்கத் தெரியும்.

குப்பையைக் கண்காணிக்கும் இஸ்ரோவின் நேத்ரா திட்டத்தில், தொலைநோக்கிக்கான இடமாக லடாக்கைச் சொல்கிறார்கள். அங்கே ஹான்லே 4,500 மீட்டர் உயரம், மழை எட்டாத வறண்ட காற்று, 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஊர். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அது மட்டும் போதாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

நம்முடைய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளையே எடுத்துக்கொள்ளுங்கள். 650 கி.மீ. உயரம், நிலநடுக்கோட்டுக்கு வெறும் 6 டிகிரி சாய்வு, அதாவது 6 டிகிரிக்கு வடக்கே அது வருவதே இல்லை. ஹான்லே இருப்பதோ கிட்டத்தட்ட 33 டிகிரி வடக்கில். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தச் செயற்கைக்கோள் ஹான்லேயின் தெற்கு அடிவானத்துக்கு மேல் ஒருநாளும் எழும்பாது. அதே பாதையில் உடைந்த துண்டு ஒன்று சுற்றினாலும் அப்படித்தான். 12.5 டிகிரியில், ஜவ்வாது மலையில் இருக்கும் நம் காவலூர் வானாய்வகத்திலிருந்து பார்த்தால் அது நன்றாகவே மேலே வரும்.

காவலூர் 725 மீட்டர்தானே, இரண்டு பருவமழையும் தொடுமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் இந்தியப் பெருங்கடலில், கடல்மட்டத்தை ஒட்டிய டீகோ கார்சியா பவளத்தீவில் அமெரிக்கா பல வருஷமாக இதே வேலைக்குத் தொலைநோக்கிகள் வைத்திருக்கிறது. நாசா தன் 1.3 மீட்டர் தொலைநோக்கியை 8 டிகிரி தெற்கில், அட்லாண்டிக்கின் அசென்ஷன் தீவில் கொண்டுபோய் வைத்தது. நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றும் குப்பையைப் பார்க்க அந்த இடம் வேண்டியிருந்தது. நட்சத்திரம் பார்க்க நல்ல வானம் தேடுவோம். குப்பை பார்க்க, அது கடந்துபோகும் வழியில் போய் நிற்கத்தான் வேண்டும்.

காவலூரில் 1986-லிருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி ஓடுகிறது. சாலை, மின்சாரம், கைதேர்ந்த ஆட்கள் எல்லாம் உண்டு. அகன்ற பார்வை கொண்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி ஒன்றைக் குப்பைக்கென்றே அங்கே வைக்க வேண்டும். கூடவே அடிவாரத்து விளக்குகளுக்கு மூடி போட வேண்டும். அன்று இறங்கி வரும் வழியில் ஒரு மண்டபத்து ஃபோகஸ் லைட் இரண்டு வானத்தைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தன. முகூர்த்தம் இல்லாத நாள், உள்ளே ஒரு ஆள்கூட இல்லை.