டிம் மாக்கும் கொமோஷியோ கார்டிஸும் ஒன்றல்ல

'குங்ஃபூ கதைகளில் வரும், ஒரே அடியில் சாகடிப்பதாகச் சொல்லும் டிம் மாக் அடி உண்மைதான். நெஞ்சில் விழுந்தால் சில நாள் கழித்து இதயம் நிற்கும், மருத்துவர்கள் இதைத்தான் கொமோஷியோ கார்டிஸ் என்கிறார்கள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார்; ப்ரூஸ் லீயும் அப்படித்தான் செத்தார் என்கிறார். தவறு. கொமோஷியோ கார்டிஸ் என்பது நெஞ்சில் விழும் அடியால் இதயத் துடிப்பு திடீரெனக் குலைவது; அதில் தாமதமே கிடையாது. இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டும் இசிஜியில், ஒவ்வொரு துடிப்பின் கடைசியிலும் வரும் டி அலை உச்சிக்கு ஏறும் அந்த 20 முதல் 40 மில்லி விநாடிக்குள் அடி விழுந்தால்தான் துடிப்பு தாறுமாறாகும். ஆள் சில விநாடிகளில் சரிந்துவிடுவார். அந்த இடைவெளியைக் குறிபார்த்து அடிக்க எந்தக் குருவாலும் முடியாது. பேஸ்பால் பந்து நெஞ்சில் பட்ட சிறுவர்களுக்கு இது நேர்ந்திருக்கிறது. உடனே சிபிஆரும் (நெஞ்சை அழுத்தித் தரும் முதலுதவி) டீஃபிப்ரிலேட்டரும் (மின் அதிர்ச்சி தந்து துடிப்பைச் சீராக்கும் கருவி) கிடைத்தால் பிழைக்கவும் வாய்ப்பு உண்டு.

தாமதமாகக் கொல்லும் காயம் வேறு. நெற்றிப்பொட்டில் அடிபட்டு எலும்பில் விரிசல் விட்டால் உள்ளே தமனி கிழிந்து, மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் சேரும். ஆள் எழுந்து நன்றாகப் பேசுவார். சில மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், பிறகு மயக்கம். அந்த வாந்தி வரும்போதே சிடி ஸ்கேனுக்குக் கொண்டுபோக வேண்டும். அடிபட்ட மண்ணீரலும் சில நாள் கழித்து வெடிக்கலாம். வெடிக்குமா, எப்போது வெடிக்கும் என்பதே அடித்தவருக்குத் தெரியாது.

ப்ரூஸ் லீயை இதில் சேர்த்ததும் சரியல்ல. 1973 ஜூலை 20 அன்று அவர் இறந்தது மூளை வீக்கத்தால். உடலில் வெளிக்காயம் எதுவும் இல்லை.