நம்பர் போன ராடு

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார், "ஏரோஸ்பேஸா தம்பி? ராக்கெட் விடுறீங்களா?" இல்லை சார், அம்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் குவாலிட்டி பார்க்கிறேன். விமானத்துக்குள் கண்ணில் படாத இடத்தில் உட்காரப்போகும் அலுமினிய பிராக்கெட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறேன். அதற்குள் அவர் கவனம் சாம்பார் வாளிக்குப் போயிருக்கும்.

எங்கள் தொழிலே அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. விமானப் பாகங்களுக்கான 7075 ரக அலுமினிய ராடு வந்து இறங்கும்போது ஒரு முனையில் ஹீட் நம்பர் குத்தியிருக்கும். எந்தத் தடவை உருக்கி வார்த்ததில் பிறந்த உலோகம் என்பதற்கு அதுதான் ஜாதகம். அதனால் மறுமுனையிலிருந்துதான் அறுக்கணும். சேர்ந்து இரண்டே வாரமான டிப்ளமோ பையன் நம்பர் பக்கத்தை அறுத்து மெஷினில் ஏற்றிவிட்டான். நம்பர் சீவலோடு சீவலாகக் குப்பைக்குப் போச்சு. மீதி ஒன்றரை மீட்டர் ராடு பளபளவென்று கிடக்கிறது, உலோகத்தில் ஒரு குறையும் இல்லை. "நான்தானே சார் அறுத்தேன், அதே ராடுதான்" என்று கெஞ்சினான். எனக்கும் தெரியும் அதே ராடுதான் என்று. இனி விமானத்துக்கு ஆகாது என்று சிவப்பு பெயின்ட் அடித்தேன். முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் இது பைத்தியக்காரத்தனம். ஆனால் முப்பது வருஷம் கழித்து ஒரு பாகத்தில் விரிசல் கண்டால், அதே தடவை உருக்கிய உலோகத்தில் செய்த மற்ற பாகங்கள் எந்தெந்த விமானத்தில் இருக்கின்றன என்று தேடிப் பிடிக்க அந்த நம்பரை விட்டால் வேறு வழியில்லை.

சென்னைக்கு இது புதுத் தொழில் இல்லை. ராணுவ டாங்கி செய்யும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் வந்தது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் திருச்சியில் தொடங்கிவைத்தார்கள்; சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து ஊர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் ஏரோஸ்பேஸ் தொழில் பூங்கா. எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் மேடையில் எப்போதும் ஏக்கர் கணக்கு, கோடிக் கணக்கு. ஆள் கணக்கை யார் பேசுகிறார்கள்?

புது ஆர்டர் என்றால் முதல் பீஸுக்கு வரைபடத்தின் ஒவ்வொரு அளவையும் வட்டமிட்டு, எண் போட்டு, அளந்து எழுதி அனுப்பணும். அப்புறம் ஆடிட். அப்புறம் கேள்வி. எங்களுக்கு ஓர் ஆர்டரில் முதல் பில் போடவே ஒன்றரை வருஷம் ஆச்சு. அதுவரை சம்பளம் யார் கொடுப்பது? நிலத்துக்கும் மெஷினுக்கும் மானியம் கொடுக்கிற அரசு, காத்திருக்கும் காலத்தில் சின்னப் பட்டறைகளின் சம்பளத்திலும் ஒரு பங்கு ஏற்கணும். மெஷினைக் கடன் வாங்கியாவது இறக்கிவிடலாம், சிவப்பு பெயின்ட் எடுக்கத் தெரிந்தவனை அப்படி இறக்க முடியாது.

அந்தப் பையன் மூன்று வருஷத்தில் எங்கள் பட்டறையிலேயே கெட்டிக்காரன் ஆனான். மேனேஜர் அவசரப்படுத்தியும் ஒரு தடவை லாட்டையே நிறுத்திவைத்தான். போன மாதம் ஓஎம்ஆரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்குப் போய்விட்டான், இரண்டு மடங்கு சம்பளம். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் இடத்துக்கு வந்திருக்கும் பையனிடம் நேற்றுதான் சொன்னேன், "தம்பி, முதல்ல நம்பர் எந்தப் பக்கம்னு பாரு."