டவுனில் கடை வேண்டாம், என் ஹால் போதும்

கல்யாண வீடு, கோயில் திருவிழா, பள்ளிக்கூட வாசல் என்று எங்கே போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "ஏன் அக்கா, இன்னும் வீட்டுலயேதான் வரையுறீங்களா? டவுன்ல ஒரு கடை எடுக்கலாம்ல?" கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் நின்று பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். எடுக்கப் போவதில்லை. கையில் அவ்வளவு பணம் இல்லை என்பது ஒரு காரணம், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நாளைக்கே யாராவது ஜார்ஜ்டவுன் ஆர்மேனியன் தெருவில் ஒரு கடைச் சாவியைக் கொடுத்து, வாடகையே வேண்டாம் என்று சொன்னாலும் நான் பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டை விட்டு நகர்வதாக இல்லை.

ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் அழகைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். சன்னல், ஓடு, தரையில் பதித்த பூக்கல், ஐந்தடி நடைபாதை. அந்த வீடுகள் எதற்காகக் கட்டப்பட்டன என்பது மட்டும் பேச்சில் வருவதில்லை. கீழே தொழில், மேலே குடும்பம். நகை செய்த பத்தர், தையல்காரர், பூக்கட்டியவர், மரப்பலகையில் எழுத்துச் செதுக்கிய சீனர், எல்லாரும் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தவர்கள்தான். இப்போது என்னவோ கோவிட் காலத்தில் கண்டுபிடித்த புதுப் பழக்கம் மாதிரி பேசுகிறார்கள்.

அந்தக் குடும்பங்கள் அங்கே தாக்குப்பிடித்ததற்கு ஒரு சட்டம் இருந்தது. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. 1997-இல் அதை ரத்து செய்தார்கள், 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு போய்விட்டது. வாடகை ஏறியது, தலைமுறையாக இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஜார்ஜ்டவுனைச் சேர்த்தது. 2012-இல் லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சகரேவிச் ஆர்மேனியன் தெருச் சுவரில் நிஜ சைக்கிளைப் பதித்து இரண்டு குழந்தைகளை வரைந்தார். அருமையான கை, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் பாருங்கள், சுவரில் இருக்கும் குழந்தைகளோடு படம் எடுக்க வெயிலில் வரிசை நிற்கிறது; அந்தத் தெருக்களில் ஓடி விளையாடியிருக்க வேண்டிய பிள்ளைகளில் பலர் பாயா தெருபோங்கிலும் ஜெலுத்தோங்கிலும் அடுக்குமாடிகளில் வளர்ந்துவிட்டார்கள். பினாங்கின் கைவேலையும் அவர்களோடு லிஃப்ட் ஏறிப் போய்விட்டது. கேக் அலங்காரம், ஆரி வேலை, சீர்த்தட்டு, மருதாணி, அரிசிக் கோலம் என்று எதையாவது செய்கிறவர் அநேகமாக எல்லா பிளாக்கிலும் ஒருவர் இருக்கிறார். பெயர்ப்பலகை மட்டும் இருக்காது.

சரி, என் ஹாலுக்கு வருகிறேன்.

ஓவியம் கற்றுத்தரும் மேல்நாட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் ஒரு விதி இருக்கும். வடக்குப் பார்த்த சன்னல் பக்கம் உட்கார், அங்கேதான் நேர்வெயில் படாமல் ஒரே மாதிரி வெளிச்சம் கிடைக்கும் என்று. ஐரோப்பாவுக்கு அது சரி. பினாங்கு பூமத்திய ரேகையிலிருந்து 5 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூன் மாதம் என் வடக்குச் சன்னலில் வெயில் எட்டிப் பார்க்கும். டிசம்பரில் அதே சன்னல் புத்தகம் சொன்ன மாதிரி அமைதியாக இருக்கும். அதனால் என் மேசைக்குச் சக்கரம் போட்டிருக்கிறேன். ஆறு மாதம் ஒரு பக்கம், ஆறு மாதம் இன்னொரு பக்கம். கடைவீட்டில் இதெல்லாம் நடக்குமா? முன்வாசலில் கொஞ்சம், நடுவில் இருக்கும் திறந்த முற்றத்தில் கொஞ்சம், அவ்வளவுதான் வெளிச்சம்.

இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி சபா, சரவாக்கோடு சேர்த்தார்கள். அதன் பலன், விடிவதற்கே ஏழு மணி தாண்டிவிடுகிறது, சாயங்காலம் ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. மகளைப் பள்ளிக்கு இருட்டிலேயே எழுப்புகிறோம் என்று திட்டிக்கொண்டேதான் எழுப்புகிறேன், அதே வாயால் சாயங்கால வெளிச்சத்துக்கு நன்றியும் சொல்கிறேன். சமையல் முடித்து, துணி மடித்து, ஆறு மணிக்குத் தூரிகையை எடுத்தால் ஒரு மணி நேரம் சுளையாகக் கிடைக்கும். அந்த நேரத்தில் பினாங்கு மலைமேல் மேகம் இறங்கும்போது வரும் நீலச்சாம்பல் நிறத்தை எந்தக் குழாயிலும் விற்பதில்லை.

எனக்குப் பிடித்த பொருட்களைக் காட்டச் சொல்லி அடிக்கடி உள்பெட்டியில் கேட்கிறார்கள். பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். தூரிகைகள் நிற்பது மிலோ டின்னில். வண்ணம் கலப்பது நீலக்கரை போட்ட வெள்ளை எனாமல் தட்டில்; அம்மா எஸ்டேட்டில் சோறு சாப்பிட்ட தட்டு, ஒரு மூலையில் பூச்சு உதிர்ந்து கறுத்திருக்கும். பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர் குமிழ்குமிழாகத் திரண்டு நிற்கும், எனாமலில் ஒழுங்காகப் பரவும். கோடு இழுக்க நான் நம்புவது சீன எழுதுபொருள் கடையில் வாங்கும் எழுத்துத் தூரிகையை. வெள்ளாட்டு முடித் தூரிகை மென்மையாக இருக்கும், நிறையத் தண்ணீர் குடிக்கும்; மரநாய் இன முடியில் செய்தது விறைப்பாக நின்று துள்ளும். சிக்குக் கோலத்தின் வளைவுகளை ஒரே மூச்சில் இழுக்க இரண்டாவதுதான் சரி. பெயர்பெற்ற மேல்நாட்டுத் தூரிகையும் ஒன்று வைத்திருக்கிறேன். பிறந்தநாள் பரிசு. டப்பாவை விட்டு வெளியே எடுக்க மனசு வராது.

ஈரம்தான் இங்கே பெரிய பகை. நீர்வண்ணத் தாளில் ஒருவகைப் பசை ஏறியிருக்கும், அதுதான் நிறத்தை மேலேயே பிடித்துவைக்கும். ஈரக்காற்று பட்டுப்பட்டு அந்தப் பசை கெட்டால், நிறம் திட்டுத்திட்டாக உள்ளே இறங்கிவிடும். விலை உயர்ந்த தாள் என்றாலும் இதே கதிதான். அதனால் என் தாள்கள் எல்லாம் காற்றுப் புகாத அரிசி டப்பாவில், மாத்திரைப் புட்டிகளில் வருமே அந்த சிலிக்கா பொட்டலங்களோடு இருக்கின்றன. தேன் கலந்த வண்ணக் கட்டிகள் பினாங்கில் காய்வதே இல்லை, பூசணம் பூக்கும். அதற்கு ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய். பாலிக் புலாவில் விளையும் கிராம்புக்கு இப்படியும் ஒரு வேலை. என் மாமியார் பல்வலிக்கு வைத்திருக்கும் புட்டியிலிருந்து எடுப்பதால் வீட்டில் சின்னச் சண்டை உண்டு.

இந்த ஈரமும் வேண்டாத நேரம் பார்த்துத்தான் வரும். பினாங்கில் மழை வெளுத்து வாங்குவது செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. தீபாவளிக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறைகளுக்கான ஆர்டர்கள் குவிவதும் அப்போதுதான். சீனப் பெருநாளின் சிவப்பு உறையைப் பார்த்து நாம் எடுத்துக்கொண்ட பழக்கம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. உறையை வாங்கி, பச்சையும் ஊதாவும் பூசி, மயிலும் குத்துவிளக்கும் போட்டு நம்முடையதாக்கிவிட்டோம். மாங்காய் வடிவம் மட்டும் போதும் போதும் என்றாகிவிட்டது, தயவுசெய்து வேறு ஏதாவது கேளுங்கள்.

பினாங்கில் வீட்டுப் பொருளை ஓவியமாக்கிய பெரியவர் சுவா தியென் தெங். சீனாவில் பிறந்து இங்கே வந்தவர். பாத்திக் துணித் தொழிலில் இறங்கி, அது கைகொடுக்காமல் போன பிறகு, அதே மெழுகையும் சாயத்தையும் வைத்து 1950-களில் படம் வரையத் தொடங்கினார். இடுப்பில் கட்டுகிற, குழந்தைக்குத் தொட்டில் கட்டுகிற கைலித் துணியின் வேலை சட்டம் போட்டு மாட்டும் ஓவியமானது. பால்மரம் வெட்டுகிறவர்கள், பிள்ளையைத் தூக்கி நிற்கும் தாய், இப்படித்தான் அவருடைய படங்கள். 1968-இல் யுனிசெஃப் அவருடைய ஒரு படத்தை வாழ்த்து அட்டையாகப் போட்டது. பத்து ஃபெரிங்கியில் இருக்கும் யாஹோங் ஓவியக் கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். பினாங்கு என்றால் சைக்கிளும் திரிஷா என்கிற மூன்று சக்கர ரிக்‌ஷாவும் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் கட்டாயம் போக வேண்டும். நானும் திரிஷா வரைந்து விற்றிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹின் பஸ் டிப்போ சந்தையில் மேசை போட்டால் முதலில் போவது அதுதான். அடுத்த மாத மின்கட்டணம் அதில் இருக்கிறது.

ஆனால் நான் வீட்டை விட்டுப் போகாததற்கு உண்மையான காரணம் வேறு. இறந்துபோனவர்களின் படங்கள்.

என் வேலையில் பாதிக்கு மேல் இதுதான். அப்பா, அம்மா, எஸ்டேட்டில் வாழ்ந்து முடித்த பாட்டி. பலருக்கு இருப்பது ஒரே படம், அதுவும் அடையாள அட்டைக்காக எடுத்தது. கேமராவைப் பார்த்துப் பயந்த முகம். சிலருக்குக் கடைசிவரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான், அந்தப் படத்தையே பெரிதாக்கிச் சாமி அறையில் மாட்ட மனம் ஒப்பாது. வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அக்கா, கொஞ்சம் சிரிச்ச மாதிரி போடுங்க" என்பார்கள். நான் வாட்ஸ்அப் படத்தை மட்டும் வைத்து ஒத்துக்கொள்வதில்லை. வீட்டுக்கு வாருங்கள் என்பேன்.

வருவார்கள். முதலில் ஹாலில் விறைப்பாக உட்கார்வார்கள். மாமியார் தேநீர் கொண்டுவந்து வைத்து, "எந்தத் தோட்டம் நீங்க?" என்று கேட்பார். அவ்வளவுதான், பேச்சு பிடித்துக்கொள்ளும். அப்புறம் படம் பற்றிய வேலையே நடக்காது, பாட்டியைப் பற்றித்தான் நடக்கும். ஒருமுறை அண்ணன் தங்கை இருவர் வந்திருந்தார்கள். அம்மாவுக்கு மூக்குத்தி வலப்பக்கமா இடப்பக்கமா என்று ஒரு சண்டை. கண்ணாடியில் பார்த்த நினைவா, நேரில் பார்த்த நினைவா என்று மாமியார் வேறு எண்ணெய் ஊற்றினார். சுங்கை பட்டாணியில் இருக்கும் பெரியக்காவுக்குப் போன் போட்டார்கள். அவர் யோசிக்கவே இல்லை. "ரெண்டு பக்கமும் குத்தியிருந்துச்சு. ஒண்ணை அடகு வெச்சு உன்னை ஃபாரம் சிக்ஸ் படிக்க வெச்சாங்க" என்றார். அந்த அண்ணன் அதற்கு மேல் பேசவில்லை. நான் இரண்டு மூக்குத்தியும் வைத்து வரைந்தேன்.

இதைக் கடையில் செய்ய முடியாது. சுற்றுலாப் பயணிகள் உள்ளே வந்து ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் யாரும் அம்மாவின் அடகு நகையைப் பற்றிப் பேச மாட்டார்கள். எனக்கு வேண்டியது அந்தப் பேச்சு. அது வந்த பிறகுதான் அந்தப் பயந்த முகத்தில் கண்ணை எங்கே தளர்த்துவது, உதட்டை எவ்வளவு விடுவது என்று கைக்குத் தெரியும்.

வீட்டில் எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். டர்பன்டைன் நாற்றம் பக்கத்து வீடு வரை போகும் என்பதால் எண்ணெய் வண்ணத்தை நான் தொடுவதில்லை. மூடிக்கொள்ள ஒரு கதவு இல்லை. சம்பால் வதக்கும் நேரத்தில் காயாத படத்தை வெளியே வைக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேல் விலைப் பேச்சு. "வீட்டுலதானே செய்றீங்க, கடை வாடகை இல்லையே, கொறைச்சுப் போடுங்க." வங்கிக்காரர் ஒருநாளும் என் வீட்டை அப்படிப் பார்த்ததில்லை, மாதம் பிறந்தால் வீட்டுக் கடனைச் சரியாக எடுத்துக்கொள்கிறார். என் விலையில் கடை வாடகை இல்லை என்பது உண்மை. அதில் இருப்பது தாள், வண்ணம், நேரம், முன்சொன்ன அந்த மூக்குத்திச் சண்டையை உட்கார்ந்து கேட்ட மதியம். அதைக் குறைக்க முடியாது. சொந்தக்காரர்களுக்கும் இதே விலைதான் என்று இந்தப் பதிவின் மூலம் சொல்லிக்கொள்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தீபாவளி உறை வேண்டுபவர்கள் செப்டம்பர் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள், மழையில் எதுவும் சீக்கிரம் காயாது. படம் வரையச் சொல்ல வருபவர்கள் முதல் நாளே ஒரு செய்தி போட்டுவிட்டு வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் நல்லது. லிஃப்ட் சில நாள் நாலாவது மாடியோடு நின்றுவிடும், அங்கிருந்து படியேறி வர வேண்டியிருக்கும். வீட்டில் நாய் கிடையாது, மாமியார் உண்டு. எந்தத் தோட்டம் என்று கேட்பார், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.