ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம்

வியாழக்கிழமை பாளையங்கோட்டைக் கல்யாணத்தில் எடுத்த படத்துக்குக் கீழே வந்த கமெண்ட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "22 வயசுலயேவா? பாவம்!" யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. அதற்குச் சிரிப்பு போட்டவர்களின் பெயர்களையும் பார்த்தேன், அவ்வளவுதான்.

பாவம் என்ற சொல் எங்களுக்குப் புதிதா என்ன? வாராவாரம் பிரசங்கத்தில் கேட்கிறோம். கல்யாண வாழ்த்தாக இப்போதுதான் கேட்கிறேன்.

எங்கள் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. போதாததற்குக் கல்யாணத்தன்றும் ஐயர், அதாவது எங்கள் போதகர், எல்லார் முன்னாலும் ஒரு தடவை கேட்பார். இந்த நாலு தடவையும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஐந்தாவதாக கமெண்ட்டில் வருகிறது ஆட்சேபணை!

சாட்சிக் கையெழுத்து போட்டவள் நான். பதிவேட்டில் மணப்பெண்ணின் வயது 22, தொழில் செவிலியர். பேனா எழுதவில்லை. அவள் அதை உதற, வெள்ளைப் பட்டில் மை தெறித்துவிடுமோ என்று நான் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அக்கா, முதல் ஊசி போட்டப்பகூட கை இப்படி நடுங்கலை" என்று சிரிக்கிறாள். இதில் பாவம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

குழந்தைத் திருமணத்தை ஆதரிக்கிறாயா என்று இன்பாக்ஸில் ஒருவர். பெண்ணின் திருமண வயதை 18-இலிருந்து 21 ஆக்க 2021 டிசம்பரில் மசோதா கொண்டுவந்தார்களே, அது சட்டமாகாமலே போனது. ஆகியிருந்தாலும் அவளுக்கு 22. கணக்கு சரியா?

வீட்டில் நெருக்கிக் கட்டிவைப்பது நடக்கவில்லையா என்றால், நடக்கிறது. தப்புதான். அதை அந்த வீட்டில் போய்ப் பேசுங்கள். தானே சம்மதித்துக் கட்டிக்கொண்டவளின் படத்துக்குக் கீழே வந்து துக்கம் விசாரிக்காதீர்கள்.

அப்புறம், சபை மட்டும் யோக்கியமா என்பீர்கள். முப்பது தாண்டிய அக்காமாரைப் பந்திக்குப் பந்தி "அடுத்தது உனக்குத்தானே" என்று குடைகிற அத்தைமார் எங்களிடம் நிறைய. கல்யாணமாகாதவர்கள் தன்னைப்போல இருந்துவிட்டால் நலம் என்று பைபிளில் பவுல் எழுதியிருக்கிறார். அந்த வசனம் மட்டும் எந்த அத்தைக்கும் மனப்பாடம் கிடையாது. நானும் ஒரு தடவை ஓர் அக்காவிடம் அப்படிக் கேட்டு, அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அதை மறக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், அத்தைமாராவது நேரில் வந்து குடைகிறார்கள்.

நீங்கள் எப்போது வந்தீர்கள்?

எனக்கு 21-இல் கல்யாணம். ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரம். கல்லூரியில் மூன்று வருஷம் என் டிபன் பாக்ஸில் கைபோட்ட ஆறு பேருக்கும் வீடு தேடிப் போய்ப் பத்திரிகை வைத்தேன். ஆறு பேருக்கும் ஒரே மாதிரி, மயில்கழுத்து நிறத்தில் புடவை. நிறத்தைத் தேர்ந்தெடுத்ததே அவர்களில் ஒருத்திதான், கடைக்குக் கூட வந்து. பிறகு "அவசரப்படுறியேடி" என்று ஒரு மெசேஜ். மற்றவர்களிடமிருந்து அதுவும் இல்லை. கோயிலில் இரண்டாவது வரிசையை அம்மா கைக்குட்டை போட்டுப் பிடித்து வைத்திருந்தாள். பாதிப் பாட்டில் மாப்பிள்ளை ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

புடவைகள் கவர் பிரிக்காமல் பீரோவில்தான் கிடந்தன. வியாழக்கிழமை அதில் ஒன்றைத்தான் கட்டிக்கொண்டு போனேன். படத்தில் மணப்பெண்ணுக்கு இடப்பக்கம் நிற்கிறேன். கமெண்ட் போட்டவளுக்கு அந்த நிறம் ஞாபகம் இருக்கும்.