ஓடாத விமானத்துக்கு எதுக்குங்க நேரம் போடுறீங்க?

ஊருக்கு ஊர் தூரம் காட்டும் ஓர் இணையப் பக்கத்தில், கோவையிலிருந்து சேலத்துக்கு விமானத்தில் 40 நிமிடமாம். எந்த விமானத்தில் என்று எழுத மட்டும் அந்தப் பக்கத்தில் இடமில்லை.

நேற்று சேலம் பக்கத்து ஓமலூரில் என் மகளுக்குக் காதுகுத்து. மச்சினன் மும்பையிலிருந்து வருகிறான். தாய்மாமன் மடி வேண்டுமே. நல்ல நேரம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. எட்டே முக்காலுக்குக் கோவையில் இறங்கிப் போன் போட்டான். "மாமா, அடுத்த பிளைட் புடிச்சு காமலாபுரம், அதான் சேலம் ஏர்போர்ட்ல இறங்கிடறேன். வண்டி மட்டும் அனுப்புங்க."

"என்ன பிளைட்டு கண்ணு?"

"நெட்டுல போட்டிருக்குதுங்க மாமா. 140 கிலோமீட்டர், 40 நிமிஷம்."

போனை வைக்காமலேயே டிக்கெட் கவுண்டருக்குப் போனான். "அப்படி சர்வீஸே இல்லைங்க சார்" என்று ஒரு பெண் குரல். இவன் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறான் போல, "கோடு போட்டிருக்குது பாருங்க மேடம்" என்கிறான். அடுத்த கவுண்டரிலும் அதே பதில். மூன்றாவதாக ஒருவர், சென்னை போய் அங்கிருந்து சேலம் வரலாம் என்று வழி சொல்கிறார். கோயம்புத்தூர்க்காரன் சேலம் வருவதற்குச் சென்னை போக வேண்டுமா? இதற்குள் ஒன்பதே முக்கால். இந்தப் பக்கம் என் மனைவி, "ஏனுங்க, தம்பி எங்க வந்துட்டானாமா?" என்று நிமிடத்துக்கொரு தரம் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

அந்த 40 நிமிடம் எப்படி வருகிறது தெரியுமா? இரண்டு ஊருக்கும் நடுவே நேர்கோடு போடுகிறார்கள். ஜெட் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்தால் பத்து நிமிடம் சொச்சம். ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் முடிந்தது கணக்கு. அந்த வழியில் விமானம் ஓடுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. சேலத்து ஓடுதளமே சுமார் 1,800 மீட்டர்தான், வந்து போவது விசிறி வைத்த ஏடிஆர் ரகச் சிறு விமானம். சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018-ல் வந்த சென்னை விமானம் 2021-ல் நின்று, 2023 அக்டோபரில்தான் சேவை திரும்பியது. அப்படிப்பட்ட நிலையத்துக்கு ஜெட் கணக்கு! "இந்த வழியில் நேரடி விமானம் இல்லை" என்று ஒரு வரி போட்டால் கை தேய்ந்துவிடுமா?

கடைசியில் டாக்சி. அவிநாசி, பெருந்துறை, சங்ககிரியில் திரும்பி தாரமங்கலம். இரண்டு சுங்கச்சாவடி. ஒன்றேகாலுக்குச் சீர்த்தட்டோடு வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றான். பதினொன்று ஐம்பதுக்கே என் மனைவிக்குப் பங்காளி முறையில் ஒரு தம்பியை உட்கார வைத்துக் குத்தி முடித்துவிட்டோம். வீங்கிய காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தான் பாருங்கள், எனக்கே தொண்டை அடைத்துவிட்டது.

சரி, சீர் கொடுப்பதையாவது படம் எடுக்கலாம் என்று தேடினால், போட்டோகாரர் கேமராவை உறையில் போட்டுவிட்டு இரண்டாம் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருக்கிறார். முழு நாளுக்கும் பணம் வாங்கியவர்ங்க அவர்!